ஓராண்டு இல்லறம்: வரவு, செலவு, நிலுவை



வணிகத்தையே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் நம்மில் ஏராளம். பெட்டிக்கடை நடத்துபவராயினும் பெருங்கடை நடத்துபவராயினும், ஆண்டு முடிந்தால் பேரேட்டைப் புரட்டுகிறோம், சரக்கிருப்பை எண்ணுகிறோம், வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று எழுதிப் பார்த்த பின்னரே புதுக்கணக்கைத் தொடங்குகிறோம். ஆனால், இருவர் வாழ்நாள் முழுமைக்கும் முதலிட்டு நடத்தும் இல்லறம் என்னும் கூட்டு வணிகத்திற்கு இவ்வாறு கணக்குப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? மணநாளை விழாவாக்கிக் கேக் வெட்டுதல் நமக்கு ஏற்ற வழக்கமன்று எனப் பெரியோர் கடிந்துரைப்பர். சரி, வெட்ட வேண்டாம். கணக்குப் பார்ப்பதை எவரும் கடிந்துரைக்க மாட்டார்கள் அல்லவா?

அவ்வாறு கணக்குப் பார்த்த ஓர் இளந்தம்பதியரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். ஊர் கீழக்கரை. கணவர் துபையில் ஒரு கிடங்கில் பணிபுரிகிறார். மனைவி பட்டம் பெற்றவர். ஊரில் தாய்வீட்டில் இருக்கிறார். மணமாகி ஓராண்டு நிறைந்தபோது, இருவரும் தனித்தனியே ஓர் ஏட்டில் அவ்வாண்டைப் பற்றி எழுதி, ஓரிரவு கைப்பேசியில் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினர். சிரித்து முடித்த பின், பெயரைச் சொல்லக் கூடாது என்னும் உறுதியைப் பெற்றுக்கொண்டு, பிறர் படிக்கத்தக்க பக்கங்களை மட்டும் எமக்குக் காட்டினர். காட்டாத பக்கங்களும் இருந்தன. அதுவே முறையும் ஆகும்.

ஆண்டு என்பது எது?

முதல் வழக்கு, ஆண்டு என்றைக்கு நிறைகிறது என்பதிலேயே எழுந்தது. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள் அல்லது 355 நாள். ஆங்கில ஆண்டுக்கு 365 நாள். "பிறைக் கணக்கே நமக்குரியது, ஆகவே ஆண்டு முன்னரே நிறைந்துவிட்டது, நீதான் மறந்துவிட்டாய்" என்று கணவர் வாதிட்டார். மனைவி அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, "மாதச் சம்பளத்தை எந்தக் கணக்கில் வாங்குகிறீர்கள் மச்சான்?" என்று ஒரே ஒரு வினாவைத் தொடுத்தார். கணவர் அப்பொழுதே ஆங்கிலக் கணக்கை ஒப்புக்கொண்டார். அத்தீர்ப்பு இரண்டு ஏடுகளின் முதற்பக்கத்திலும் பதிவாகியுள்ளது.

கூடி வாழ்ந்த நாள் 41

ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு பணி நிறைந்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுமுறை. அதனை ஈராண்டுக்கு ஒருமுறை சேர்த்து எடுத்துக்கொண்டு 60 நாளாக ஊர் வந்து செல்வோர் நம்மவரில் பலர். நம் மாப்பிள்ளையும் அவ்வாறே வந்தார். அழைப்பிதழ், துணிமணி, உறவினர் இல்லங்களுக்கு நேரிற் சென்று அழைத்தல் எனப் 19 நாள் கரைந்தன. 20ஆம் நாள் நிக்காஹ். எஞ்சியவை 41 நாள். ஓராண்டு இல்லறத்தில் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்த நாள் அவ்வளவே. மீதி 324 நாளும் கைப்பேசியில் நடந்த குடித்தனம்.

கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் வழக்கத்தைப் பிற ஊர் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அங்கே மணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அவ்வீட்டிற்கு வரவழைப்பர். ஆகவே, பிற ஊர்களில் புதுமணப்பெண் படும் பாட்டை அங்கே புதுமாப்பிள்ளை படுகிறார். உப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் மூவர் எழுந்து ஓடுவர். ஆதலால் கேட்காமலே உப்பில்லாத சோற்றை உண்டுவிட்டு, "அருமை" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. "முதல் வாரம் நான் 'அருமை' என்று சொன்னவற்றுள் ஏழு பொய், அல்லாஹ் மன்னிப்பானாக" என்று கணவரின் ஏடு கூறுகிறது.

ஓரிரவு அவருக்குத் தாகம். மனைவியை எழுப்ப மனமில்லை. சமையற்கட்டின் விளக்கு எந்தச் சுவரில் இருக்கிறதென்று தெரியாமல் இருளில் தடவிக்கொண்டே போனவர், அடுக்கி வைத்திருந்த தட்டுகளின்மேல் கையை வைத்தார். அடுத்த நொடியில் வீடு முழுவதும் விழித்துக்கொண்டது. மாமனார் கைத்தடியுடன் வந்தார். "மாப்பிள்ளைக்கு என்ன குறை வைத்துவிட்டோம்?" என்று மாமியார் கதவுக்குப் பின்னிருந்தே கலங்கினார். மறுநாள் முதல் அவர்தம் அறையில் மூன்று செம்பு நீர் வைக்கப்பட்டது. ஒன்று போதும் என்று சொல்ல அவருக்கு இறுதிவரை துணிவு வரவில்லையாம்.

விருந்துகளையும் இருவரும் எண்ணியிருக்கின்றனர். 41 நாளுக்கு 123 வேளை. அவற்றுள் உறவினர் வீட்டு விருந்தும், தம் வீட்டிற்கு உறவினர் வந்த விருந்தும் சேர்ந்து 58 வேளை. நெய்ச்சோறும் ஆணமும் வட்டலப்பமும் மாறாமல் வந்தன. மாப்பிள்ளை 5 கிலோ கூடினார். இருவர் மட்டும் தனித்திருந்து உண்டதோ மூன்றே வேளை! அவற்றுள் ஒன்று, இராமநாதபுரம் சென்று திரும்பும் வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட, சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் உண்ட பொட்டலப் பரோட்டா. "இவ்வாண்டின் சிறந்த விருந்து எது?" என்ற வரிக்கு நேரே, இருவர் ஏட்டிலும் அந்தப் பரோட்டாவே எழுதப்பட்டிருந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத வழியில்லை. இடையில் அரபிக்கடல் கிடக்கிறது!

புறப்படும் நாள் முழுவதும் பெட்டியை எடை போடுவதிலேயே போயிற்று. 30 கிலோவுக்கு மேல் கூடாது. கீழக்கரை என்றால் தொதல் இல்லாமலா? மாமியார் 7 கிலோ தொதலை எடுத்து வைத்தார். தொதலுக்காகக் கணவரின் சட்டைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. "துபையில் சட்டை கிடைக்கும், தொதல் கிடைக்குமா?" என்னும் வாதத்திற்கு மறுமொழி இல்லை. அந்தத் தொதலை அறைத் தோழர்கள் இரண்டே நாளில் தீர்த்துவிட்டனர்.

கைப்பேசிக் குடித்தனம் 324 நாள்

முந்தைய தலைமுறையினர் கடிதம் எழுதினர். ஒலிநாடாவில் பேசிப் பதிந்து ஊருக்குச் செல்வோரிடம் கொடுத்தனுப்பினர். கடிதத்தில் ஒருவர் பிணங்கினால் மறுமொழி வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பிணக்கின் காரணமே மறந்துபோகும். இன்றைய தம்பதியருக்கு அந்த வசதி இல்லை. பிணக்கு ஒரு நொடியில் போய்ச் சேர்கிறது. முகமும் உடன் தெரிகிறது.

துபை நேரம் நம் நேரத்திற்கு ஒன்றரை மணி பின்தங்கியது. இங்கே இரவு பத்து மணிக்கு வேலையெல்லாம் முடித்து மனைவி பேச அமரும்போது, அங்கே எட்டரை. கணவர் அறைத் தோழர்களுடன் சமையலில் நிற்பார். அறையில் ஆறு பேர். மேலும் கீழுமாகக் கட்டில்கள். மெல்லிய குரலில் பேசியாக வேண்டும். "அவர் அறையைப் பற்றி எனக்குத் தெரிந்தது மேற்கட்டிலின் அடிப்பலகையும் ஒரு மின்விசிறியும் மட்டுமே. அந்த விசிறியை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லுவேன்" என்று மனைவி எழுதுகிறார்.

ஒருநாள் வாக்குவாதம் முற்றியபோது, கணவரின் முகம் திரையில் வாய் திறந்தபடியே அசையாமல் நின்றுவிட்டது. அவர் வாயடைத்துப் போனார் என்று கருதிய மனைவி, வாய்ப்பை விடாமல் ஆறு நிமிடம் தொடர்ந்து பேசினார். இணைப்பு அறுந்து கணவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பது பிறகே தெரிந்தது. "என்ன சொல்லிக்கொண்டிருந்தாய்?" என்று அவர் மீண்டும் அழைத்துக் கேட்டபோது, அத்தனையையும் மறுபடி சொல்ல மனைவிக்கே அலுப்பாகிவிட்டது. "ஒன்றுமில்லை, பசியாறினீர்களா?" என்று கேட்டுவிட்டார். இரவு ஒன்பது மணிக்குப் பசியாறியதைக் கேட்டதும் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்டின் 27 பிணக்குகளுள் 11 பிணக்குகள் இணைப்புக் கோளாற்றால் விளைந்தவை என்றும், அவற்றுக்கு இருவரும் பொறுப்பல்லர் என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு தள்ளுபடி செய்துள்ளனர்.

நோன்புப் பெருநாள் கதை தனி. பிறை அறிவிப்பு வேறுபட்டதால் துபையில் ஒரு நாள் முன்னரே பெருநாள். கணவர் பெருநாள் தொழுதுவிட்டு, புத்தாடையுடன் அழைத்து ஸலாம் கூறினார். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். அறையில் ஆக்கிய பிரியாணியையும் திரைக்கு நேரே உயர்த்திக் காட்டினார். இங்கே மனைவி கடைசி நோன்பில், நண்பகல் வெயிலில், அடுத்த நாள் பலகாரத்திற்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். மறுநாள் இவருக்குப் பெருநாள். அவருக்கோ கிடங்கில் வேலை. மனைவி ஒரு பெரிய தட்டில் எல்லாப் பலகாரத்தையும் பரப்பி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, கணவரின் வேலை நேரத்திலேயே மணிக்கு ஒன்றாக அனுப்பினார். கணக்கு நேராயிற்று.

மீன் ஆணத்தின் வரலாற்றையும் கேளுங்கள். அறையில் ஆளுக்கு ஒரு நாள் சமையல். தம் முறை வந்தபோது கணவர் மனைவியிடம் செய்முறை கேட்டார். மனைவிக்குத் தெரியாது; உம்மாவிடம் கேட்டார். மாமியார் மருமகனிடம் நேரே பேசக் கூசும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. ஆகவே உம்மா சொல்ல, மகள் கேட்டு, கைப்பேசியில் திருப்பிச் சொல்ல, செய்முறை கடல் கடந்தது. "கொஞ்சம் புளி" என்றார் உம்மா. "கொஞ்சம் என்றால் எவ்வளவு?" என்று கேட்டார் மாப்பிள்ளை. "கைக்குத் தெரியும்" என்று விடை வந்தது. "யார் கைக்கு?" என்னும் வினாவை மனைவி உம்மாவிடம் எடுத்துச் செல்லவில்லை. அன்று இரவு அறைத் தோழர்கள் ஒன்றும் பேசாமல் உண்டனர். இறுதியில் மூத்தவர் ஒருவர் மட்டும், "ஊரிலிருந்து ஏதும் கவலையான செய்தி வந்ததா தம்பி?" என்று பரிவுடன் கேட்டாராம்.

ஆனால் ஆண்டு முடிவில் நிலை மாறிவிட்டது. இப்பொழுது அவ்வறையில் மீன் ஆணம் என்றால் இவர் கையால்தான். "சமையலில் என்னைவிட அவரே தேர்ந்தவர். இதை என் உம்மாவிடம் சொல்லக் கூடாது" என்று மனைவி வரவுப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். உம்மாவின் இசைவும் பெற்றே இங்கு அச்சிடுகிறோம் என்பதை அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

சிரிப்பும் ஒரு வழிமுறை

கணவனும் மனைவியும் கூடிச் சிரிப்பது கண்ணியத்திற்குக் குறைவு என்று கருதும் பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வது நலம். ஒரு பயணத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்தார்கள். அன்னையார் வென்றார்கள். காலம் சென்றது, அன்னையாரின் உடல் சற்றுப் பருத்தது. மற்றொரு பயணத்தில் மீண்டும் ஓடினார்கள். இம்முறை அண்ணலார் வென்று, முன்னைய தோல்விக்கு இது ஈடாயிற்று என்று கூறினார்கள். இதனை அறிவிப்பவர் அன்னையாரே. அபூதாவூத் நூலில் இது இடம்பெற்றுள்ளது. எத்துணைப் பொறுப்புகளைச் சுமந்த அண்ணலார், மனைவியுடன் ஓடிய ஓர் ஓட்டத்தை மறவாமல் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். இருவருக்கு மட்டுமே உரிய பழைய நினைவொன்றை எடுத்து மகிழ்வது இல்லறத்தின் நல்லியல்புகளுள் ஒன்று என்பது இதனால் விளங்கவில்லையா?

நிலுவைப் பக்கம்

வரவும் செலவும் படித்துச் சிரித்த பின் நிலுவைப் பக்கம் வந்தது. அதில் மனைவி ஒரு சிறு கணக்கை எழுதியிருந்தார். ஈராண்டுக்கு 60 நாள். பத்தாண்டுக்கு ஐந்து முறை. ஐந்து அறுபது 300. "பத்தாண்டு வாழ்ந்தாலும் நாம் சேர்ந்திருப்பது ஓராண்டுகூட இல்லை, மச்சான்" என்று அதன் கீழே ஒரு வரி. அவ்வரியைப் படித்ததும் அங்கிருந்து மறுமொழி இல்லை. அன்று இணைப்பு அறவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு நகர்வலம் வந்தபோது, போர்முனைக்குச் சென்ற கணவனை நினைத்து ஒரு பெண் தனிமையில் வருந்திப் பாடக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருக்க இயலும் என வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அந்த விடையைக் கொண்டே, படைவீரரை அக்கால அளவுக்கு மேல் வீட்டைப் பிரித்து நிறுத்தலாகாது என்று கலீஃபா ஆணையிட்டார்கள் என வரலாறு கூறுகிறது. போருக்குச் சென்றவர்க்கே அந்த எல்லை. பொருளுக்குச் சென்றவர்க்கு நாம் வகுத்திருக்கும் எல்லை என்ன?

மனைவியை உடன் அழைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அமீரகத்தில் குடும்பத்தை வரவழைக்க மாதம் 4,000 திர்ஹம் ஊதியம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருத்தல் வேண்டும். அவ்வளவு இருந்தாலும் வீட்டு வாடகை ஊதியத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நம் மாப்பிள்ளையின் ஊதியம் அந்த எல்லையைத் தொடவில்லை. ஊரில் அவருடைய தங்கை ஒருவருக்கு மணம் முடிக்க வேண்டிய கடமையும் உள்ளது. உடனே திரும்பி வந்துவிடுங்கள் என்று சொல்வது நமக்கு எளிது, அவர்களுக்கு எளிதன்று.

எனினும் அவர்கள் அந்தப் பக்கத்தை வெறுமனே மூடிவிடவில்லை. இரண்டு ஆண்டு காத்திருந்து 60 நாள் வருவதற்குப் பதிலாக, ஆண்டுதோறும் 30 நாள் வருவது என்று முடிவு செய்தனர். மொத்த நாள் கூடவில்லை. ஆனால் பிரிவு 22 மாதத்திலிருந்து 11 மாதமாகச் சுருங்குகிறது. நிறுவனம் ஈராண்டுக்கு ஒருமுறையே விமானச் சீட்டுத் தரும். இடையில் வரும் சீட்டுக்கு வழி? மணநாளில் கணவர் அடுத்த வருகையில் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்த ஒரு சோடி வளையல் இருந்தது. "வளையலுக்குப் பதிலாக நீங்கள் வாருங்கள்" என்றார் மனைவி. ஏட்டில் அது இவ்வாறு பதிவாகியுள்ளது: வளையல் தள்ளுபடி, மாப்பிள்ளை வரவு.

தனியே ஒருநாள் மனம் வெதும்பி இதே வினாவை மனைவி கேட்டிருந்தால், அது 28ஆவது பிணக்காக முடிந்திருக்கக் கூடும். புளியமரத்தடியும் மூன்று செம்பும் மீன் ஆணமும் பேசிச் சிரித்த பின் கேட்டதால், இருவரும் ஒரே பக்கம் அமர்ந்து அதற்கு விடை தேடினர்.

நீங்களும் எழுதிப் பாருங்கள்

மணமாகி ஓராண்டு ஆனவரும் எழுதலாம். முப்பது ஆண்டு ஆனவரும் எழுதலாம். சில நெறிகளை மட்டும் மனத்திற் கொள்ளுங்கள்.

ஒன்று: தனித்தனியே எழுதுங்கள். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதினால் அது ஒரு தரப்புக் கணக்காகிவிடும்.

இரண்டு: முதலில் உங்களைப் பார்த்து நீங்களே சிரியுங்கள். தம் தட்டுப் பாத்திர ஓசையைக் கணவரே எழுதினார்; தம் ஆறு நிமிடப் பேச்சை மனைவியே எழுதினார். மாறி எழுதியிருந்தால் அவை குற்றச்சாட்டுகளாகியிருக்கும்.

மூன்று: உருவம், நிறம், சீர்வரிசை, பிறந்த வீட்டின் வறுமை, பிள்ளைப்பேறு ஆகியவை நகைப்புக்குரிய பொருள்களல்ல. அங்கே சிரிப்பு என்ற பெயரில் எழுதப்படும் ஒரு சொல் ஆண்டுகள் கடந்தும் ஆறாது.

நான்கு: சபையில் படிக்காதீர்கள். மைத்துனர், நாத்தனார் கூடியிருக்க மனைவியின் சமையலைக் கேலி செய்வதும், தோழியரிடம் கணவரின் கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சிரிப்பதும், வாட்ஸ்அப்பில் ஊரறியப் போடுவதும் கணக்கு ஆகா. இணையரை ஒருவருக்கொருவர் ஆடை என்று மறை உவமிப்பதை நாம் அறிவோம். ஆடையின் வேலை மறைப்பது.

ஐந்து: நிலுவைப் பக்கத்தைக் கடைசியில் வையுங்கள், ஆனால் கட்டாயம் வையுங்கள். சிரித்துவிட்டு அதைப் படிக்காமல் எழுந்துவிட்டால் கணக்கு முடிந்ததாகாது. கேட்க நினைத்துக் கேட்காதது, தருவதாகச் சொல்லித் தராதது எல்லாம் அங்கே வரட்டும்.

தாள் ஒன்றும் எழுதுகோல் இரண்டும் போதும். இன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின் தொடங்கலாம். கணவர் கடல் கடந்து இருக்கிறாரா? ஒன்றரை மணி வேறுபாட்டை மறவாமல் அழையுங்கள். பிரியாணித் தட்டை மட்டும் திரையில் காட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.